கல்வீட்டுக்குள் ஈதர்நெட் கேபிள் இழுப்பது எப்படி

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் இரண்டு மாடி வீட்டில், ஃபைபர் இணைப்பின் பெட்டி முன்வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. தங்கை உட்கார்ந்து வேலை செய்யும் அறையோ மேல்மாடியின் பின்மூலையில். இடையில் ஒரு கொங்கிறீட் தட்டும் இரண்டு செங்கற்சுவர்களும். கீழே விறாந்தையில் பாய்ந்து வரும் இணையம் அவளுடைய மேசைக்குப் போய்ச் சேரும்போது தள்ளாடும். காலைக் கூட்டத்தில் அவள் பேசிக்கொண்டிருக்க, மறுமுனையில் இருப்பவர்களுக்கு அவளுடைய முகம் உறைந்து நிற்கும். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் மேலும் கீழும் பக்கத்திலும் இருக்கும் அத்தனை வீட்டு ரவுட்டர்களின் பெயர்களும் வரும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். அத்தனை பேரும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இதற்கு நிலையான மருந்து ஈதர்நெட் கேபிள், அதாவது ரவுட்டரிலிருந்து அறைவரை போகும் நெட்வேர்க் வயர். ஒரு சனி, ஞாயிறில் நீங்களே செய்துவிடக்கூடிய வேலை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை உள்ளே கூடாக இருக்கும் பலகைச் சுவர்களுக்கு எழுதப்பட்டவை. அங்கே சுவருக்குள் கேபிளை விட்டு மறுபக்கம் எடுத்துவிடலாம். நம்முடைய சுவர்கள் செங்கல்லும் சீமெந்துப் பூச்சும். பிழையான இடத்தில் துளை போட்டால் பூச்சும் பெயின்டும் சேர்ந்து செலவு வைக்கும். அதனால் கொழும்பு வீட்டில் இந்த வேலையின் முக்கால் பங்கு, கேபிள் எந்த வழியால் போகப்போகிறது என்று தீர்மானிப்பதுதான். மிச்சம் கைப்பழக்கம்.

துளைக்கும் கருவியை எடுக்க முதல்

ஒரு மாலைப்பொழுதை இதற்கென்று ஒதுக்கி, கையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடவுங்கள். முதலில் மையத்தைத் தீர்மானியுங்கள். எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் இடம் அது. பெரும்பாலும் ரவுட்டர் இருக்கும் இடமே மையமாகிவிடும். ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரு தனிக் கேபிள் நேராக மையத்துக்கு வர வேண்டும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து இன்னோர் அறைக்கு என்று சங்கிலியாகக் கொண்டுபோனால், நடுவில் ஒன்று பழுதானதும் அதற்கப்பால் எல்லாமே நின்றுவிடும்.

புதிதாக ஃபைபர் இணைப்பு எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: பொருத்த வருபவர்கள் தங்களுக்கு வசதியான சுவரில் பெட்டியை வைத்துவிட்டுப் போக முதல், எங்கே வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அந்த மெல்லிய ஃபைபர் இழையை நீங்களாக இழுக்கவோ மடிக்கவோ வேண்டாம். அதை இடம் மாற்றுவது சேவை நிறுவனத்தின் வேலை. பெட்டிக்கு இப்பால் வரும் செப்புக் கேபிள் மட்டுமே நம்முடையது.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கும் வழிகளைத் தேடுங்கள். பழைய வீடுகளில் தொலைபேசிக்கும் தொலைக்காட்சி அன்டெனாவுக்கும் என்று சுவருக்குள் பதித்த கொண்டுயிட் குழாய்கள் இருக்கும். தொலைபேசி எப்போதோ கழற்றப்பட்டிருக்கும். குழாய் சும்மா கிடக்கும். எங்கள் வீட்டில் கீழ்மாடித் தொலைபேசிப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பழைய வயரை மெல்ல ஆட்டினோம். மேல்மாடியில் படுக்கையறைச் சுவரில் இருந்த வயர் நுனி ஆடியது. கொங்கிறீட் தட்டைத் தொடாமலே மேலே போக வழி கிடைத்துவிட்டது. இப்படி ஒன்று அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மின்சார வயர் போகும் குழாய்க்குள் எவ்வளவு இடம் இருந்தாலும் நெட்வேர்க் கேபிளை விடக்கூடாது. அங்கே ஓடுவது 230 வோல்ட். ஒரு வயரின் உறை உரிந்தால் அது உங்கள் கணினிக்கும் அதைத் தொடுகிற கைக்கும் வந்து சேரும்.

குழாய் இல்லாவிட்டால், மாடிப்படியின் ஓரம் ஒரு நல்ல வழி. அதுவும் சரிவராவிட்டால், வெளிச்சுவரால் மேலே ஏற்றி மறுபடி உள்ளே எடுக்கலாம். கொங்கிறீட் தட்டில் துளை போடும் எண்ணத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். உள்ளே இரும்புக் கம்பி இருக்கும், மின்குழாய் இருக்கும், சிலவேளை தண்ணீர்க் குழாயும் இருக்கும். தூணும் பீமும் அப்படியே.

கூரைக்கும் சீலிங்குக்கும் இடையால் கொண்டுபோகலாம் என்று பலருக்கும் தோன்றும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதைத் துளைத்தாலோ, வெட்டினாலோ, பல வருடமாக அங்கே படிந்த தூசியைக் கூட்டினாலோ கிளம்பும் இழைகள் நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய் வரை கொண்டுபோகும் பொருள் அது. கேபிளுக்காக அந்த ஆபத்தை வீட்டுக்குள் இறக்க வேண்டாம். சுவரோரமாகக் கேசிங் (கேபிளை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பட்டை) அடித்துக் கொண்டுபோங்கள். பார்வைக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

தொடர்மாடியில் இருப்பவர்கள், உங்கள் கதவுக்கு வெளியே இருக்கும் நடைபாதையும் குழாய்ப்பாதையும் பொதுவானவை என்பதை நினைவில் வையுங்கள். அங்கே கேபிள் போட வேண்டுமானால் முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் துளைக்க முதல் வீட்டுக்காரரைக் கேளுங்கள். "ஐயா, இந்த மூலையில் பத்து மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை, போகும்போது அடைத்துப் பெயின்ட் பூசித் தருகிறேன்" என்று இடத்தையும் அளவையும் காட்டிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.

வழி முடிவானதும் அளவெடுங்கள். அளவுநாடா வளைவுகளில் ஏமாற்றும். ஒரு நூல்பந்தை எடுத்து, கேபிள் போகப்போகும் பாதை நெடுக மூலை முடுக்கெல்லாம் பிடித்துக்கொண்டு போய், பிறகு நூலை அளப்பதே நம்பகமானது. ஒவ்வொரு முனைக்கும் ஒன்றரை மீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். இரு முனையிலும் சேரும் சிறு கேபிள்களையும் சேர்த்து மொத்த நீளம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது என்பது விதி. எந்தக் கொழும்பு வீட்டிலும் அந்த எல்லை வராது.

எதை வாங்குவது

கேட் 6 என்ற தரவகைக் கேபிளை வாங்குங்கள். கேட் 5இ கூட ஒரு ஜிகாபிட் வேகத்தை 100 மீற்றர் வரை கொண்டுபோகும். ஏற்கெனவே வீட்டில் அது ஓடினால் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாகச் சுவருக்குள் போகிற கேபிள் நீண்ட காலம் அங்கேயே இருக்கப்போகிறது. கேட் 6 குறுகிய தூரத்தில், அதாவது 55 மீற்றர் வரை, 10 ஜிகாபிட்டையும் தாங்கும். கேட் 6ஏ தடிப்பானது, வளையாது, வீட்டுக்குத் தேவையில்லை. அதற்கு மேலான எண்களைச் சொல்லி விற்பவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

எண்ணைவிட முக்கியம் கம்பி எதனால் ஆனது என்பது. சந்தையில் அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய கேபிள் நிறைய வருகிறது. சி.சி.ஏ. என்பது அதன் குறி. சிலவேளை உறையில் அந்தக் குறி இருக்கும், சிலவேளை இருக்காது. அது இலேசில் முறியும், மின்தடை அதிகம், கேபிள் வழியாகவே கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்தால் சூடேறும். கடையிலேயே ஒரு சாண் துண்டு கேளுங்கள். உறையை உரித்து ஒரு கம்பியை எடுத்து, கத்தியின் நுனியால் நகத்தளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் நல்லது. வெள்ளி போல மின்னினால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கடை கடையாகக் கேட்டுப் பார்க்க முடியும். வீடு முழுவதற்கும் என்றால் 305 மீற்றர் பெட்டியாக வாங்கி அயலவரோடு பங்கிடுவது நல்லது. ஓர் அறைக்கு மட்டுமென்றால் வெட்டி வாங்கலாம்.

சுவரில் நிரந்தரமாகப் போவதற்கு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்பியும் திரிக்காத ஒற்றைக் கம்பியாக இருக்கும் கேபிள் வேண்டும். மெல்லிய இழைகளைத் திரித்துச் செய்த வகை, மேசைக்கும் சுவருக்கும் இடையில் அடிக்கடி ஆடுகிற சிறு கேபிள்களுக்கு. வெளிச்சுவரில் போவதற்குக் கறுப்பு உறை போட்ட, வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணச் சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் சில வருடங்களில் வெடித்துவிடும்.

இவற்றோடு பி.வி.சி. கேசிங் அல்லது 20 மில்லிமீற்றர் கொண்டுயிட், கணினியின் கேபிளைச் செருகச் சுவரில் பொருத்தும் கீஸ்டோன் ஜாக், அதற்கு முகத்தகடு, கம்பிகளை ஜாக்கில் அழுத்திப் பதிக்கும் பஞ்ச் டவுன் கருவி, கம்பிகள் சரியாகத் தொட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் கேபிள் டெஸ்டர் ஆகியவையும் வேண்டும். டெஸ்டரை இரவல் வாங்கினாலும் சரி, அது இல்லாமல் தொடங்க வேண்டாம். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்கள் ஜாக் வாங்கும்போது மூடியுள்ள முகத்தகடாகப் பாருங்கள். உப்புக்காற்று ஜன்னலோரத்துத் தொடுகம்பிகளைப் பச்சையாக்கிவிடும்.

துளை

ஒவ்வொரு சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர்மேலேயும் நேர்கீழேயும் சுவருக்குள் வயர் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஓரடியாவது தள்ளி நில்லுங்கள். குளியலறைக்கும் குசினிக்கும் பொதுவான சுவர்களில் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்கலத்தில் இயங்கும் துளைகருவியால் துளையுங்கள். அதன் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு அந்தத் துளையை மட்டும் போடச் சொல்லுங்கள்.

கேட் 6 கேபிளின் தடிப்பு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் துளை தாராளம். வெளிச்சுவர் பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம் வரை வரும் என்பதால் ஓரடி நீளமான, கல் துளைக்கும் அலகு வேண்டும். உள்ளிருந்து வெளியே, முனை சற்றுத் தாழ்வாகப் போகும்படி துளையுங்கள். அப்படியென்றால் மழைத்தண்ணீர் உள்ளே ஓடி வராது. மறுபக்கம் வரப்போகிறது என்று கைக்குத் தெரியும்போது அழுத்துவதைக் குறையுங்கள். இல்லாவிட்டால் வெளியே சாணளவு பூச்சுக் கழன்று விழும். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். துளைக்குக் கீழே பத்திரிகைத் தாளைக் கூம்பாக மடித்து ஒட்டிவிட்டால் செங்கல் தூள் தரையெல்லாம் பரவாது.

வெளியே, கேபிள் துளைக்குள் நுழையுமிடத்தில் அது முதலில் கீழே தொங்கி பிறகு மேலேறி நுழையும்படி ஒரு வளைவு விடுங்கள். கேபிள்மேல் வழியும் மழை அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். துளையைச் சிலிக்கோனால் அடையுங்கள்.

இழுப்பது

இது இரண்டு பேர் வேலை. ஒருவர் கேபிளை விட, மற்றவர் இழுக்க வேண்டும். குழாய்க்குள் பழைய தொலைபேசி வயர் இருந்தால் அதையே இழுகயிறாக்கலாம். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைத்துண்டைப் பஞ்சுபோலச் சுருட்டி நைலோன் நூலின் நுனியில் கட்டி, குழாயின் மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சுங்கள். துண்டு நூலோடு பறந்து வந்துவிடும். அந்த நூலால் தடித்த கயிற்றையும், கயிற்றால் கேபிளையும் இழுக்கலாம்.

கேபிளைக் கயிற்றோடு கட்டும் இடம்தான் எங்கும் சிக்கும். உறையை ஒரு சாண் உரித்து, கம்பிகளில் பாதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கயிற்றோடு முறுக்கி, நுனி ஒடுங்கிப் பின்னால் பருத்து வரும்படி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். முகப்பவுடர் கொஞ்சம் தடவினால் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போகும். ஆர்ஜே 45 தலை (கணினியில் செருகும் பிளாஸ்டிக் முனை) போட்ட கேபிளை இழுக்க வேண்டாம், அந்தத் தலை 10 மில்லிமீற்றர் துளையால் போகாது.

நான் கீழே நின்று கேபிளை விட்டேன். தங்கை மேலே நின்று இழுத்தாள். நாங்கள் பேசி வைத்திருந்தது இரண்டே சொற்கள்: "இழு", "நில்". நடுவழியில் ஓரிடத்தில் இறுகியது. "இன்னும் பலமாக இழுக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கேபிள் தாங்கும் இழுவை பதினொரு கிலோ எடை அளவுதான். அதற்கு மேல் போனால் உள்ளே இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் கம்பிச் சோடிகளின் முறுக்கு நீண்டு குலையும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு முழம் திருப்பி எடுத்து, கேபிளைக் கால்வட்டம் திருகி மறுபடி விட்டேன், போய்விட்டது. இறுகினால் எப்போதும் பின்னுக்கு எடுத்துத்தான் முன்னுக்குப் போக வேண்டும்.

கூர்மையாக மடிக்க வேண்டாம். வளைவின் ஆரை ஓர் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மின்வயர்களோடு பக்கத்தில் போகவேண்டி வந்தால் ஓரடி இடைவெளி விடுங்கள், கடக்கவேண்டி வந்தால் செங்குத்தாகக் கடவுங்கள். ஒன்று போதுமான இடத்துக்கும் இரண்டு கேபிள்களை இழுத்துவிடுங்கள். 20 மில்லிமீற்றர் குழாயில் இரண்டு தாராளமாகப் போகும், இரண்டாவதற்கு வேலை ஏறக்குறைய எதுவுமில்லை. கூடவே ஒரு நைலோன் நூலையும் உள்ளே விட்டுவையுங்கள்.

கேசிங் அடிப்பவர்களுக்கு: இருபக்கம் ஒட்டும் டேப் மட்டும் டிஸ்டெம்பர் பூசிய சுவரில் நிற்காது, முதல் மழைக்காலத்திலேயே பெயின்டோடு சேர்ந்து உரிந்து வரும். இரண்டடிக்கு ஒரு சிறு திருகாணி போடுங்கள்.

பின்னால் தனியாக இருக்கும் அனெக்ஸுக்குச் செப்புக் கேபிள் போட நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் மாலை நேர இடிமின்னல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியில் போகும் செப்புக்கம்பியில், பக்கத்தில் எங்காவது விழும் மின்னலே பாய்ச்சலை உண்டாக்கி இரு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடும். அந்த இடைவெளிக்கு மட்டும் ஃபைபரும், இரு முனையிலும் செப்பையும் ஃபைபரையும் இணைக்கும் ஒவ்வொரு மீடியா கன்வேர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

எட்டுக் கம்பிகள்

உறையை இரண்டு அங்குலம் உரியுங்கள். உள்ளே நான்கு சோடிகள் முறுக்கியபடி இருக்கும். நடுவில் பிளாஸ்டிக் முதுகெலும்பு இருந்தால் அடியோடு வெட்டிவிடுங்கள். கீஸ்டோன் ஜாக்கின் பக்கங்களில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசைகள் அச்சிட்டிருக்கும். பி வரிசையைத் தெரிவுசெய்து, வீடு முழுவதும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியையும் அதன் நிறத்துக்குரிய பிளவில் வைத்து பஞ்ச் டவுன் கருவியால் அழுத்த, "டக்" என்று ஒரு சத்தத்தோடு கம்பி உள்ளே போய் மிச்ச நுனி வெட்டுப்படும். முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. முறுக்குத்தான் ஒரு சோடியின் சமிக்ஞை அடுத்த சோடியில் கலக்காமல் காப்பது.

தலை போட்டே ஆகவேண்டும் என்றால், பொன்னிறத் தொடுகம்பிகள் உங்களை நோக்கியும் கேபிள் கீழிருந்து நுழையும்படியும் தலையைப் பிடித்து, இடமிருந்து வலமாக அடுக்குங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். பச்சைச் சோடி பிரிந்து நீலச் சோடியின் இருபுறமும் நிற்பதைக் கவனியுங்கள். புதியவர்களுக்கு இது தேவையில்லாத சிக்கலாகத் தெரியும்.

சிக்கலில்லை, காரணம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பரின் வீட்டில், கூலிக்கு வந்தவர் செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்று சோடி சோடியாக அழகாக அடுக்கி இருபக்கமும் தலை போட்டிருந்தார். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. ஆனால் தொடர்பு அடிக்கடி அறுந்தது. மூன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே சோடியாக இருக்க வேண்டும் என்பது ஈதர்நெட்டின் ஏற்பாடு. அவருடைய வரிசையில் மூன்று பச்சையிலும் ஆறு நீலத்திலும் போய்விட்டன. கம்பி தொட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவான டெஸ்டருக்கு இது தெரியாது. தலையை வெட்டிவிட்டு நிற வரிசைப்படி மறுபடி போட்டதும் சரியாகிவிட்டது. நண்பர் அதற்குள் ஒரு புதிய ரவுட்டர் வாங்கிவிட்டார் என்பதுதான் எனக்கு இன்றும் மனவருத்தம்.

சோதித்துவிட்டு மூடுங்கள்

முகத்தகட்டைத் திருகி மூட முதல் டெஸ்டரைப் போடுங்கள். எட்டும் ஒழுங்காக எரிந்த பிறகு, மடிக்கணினியைச் செருகி இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். 1000 (வினாடிக்கு 1000 மெகாபிட், அதாவது ஒரு ஜிகாபிட்) என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் நான்கு சோடிகளில் ஒன்றாவது சரியாகத் தொடவில்லை. ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பியை மறுபடி அழுத்தினால் தீர்ந்துவிடும். உங்கள் இணையத் திட்டமே 100க்குக் குறைவென்றால் வேகச்சோதனைத் தளங்களில் இந்தப் பிழை தெரியாது. வீட்டிலுள்ள இரண்டு கணினிகளுக்கிடையே ஒரு பெரிய கோப்பைப் பிரதிசெய்து பாருங்கள். வினாடிக்கு 110 மெகாபைட் அளவில் ஓடினால் சரி, 11 இல் நின்றால் திரும்ப ஜாக்கைத் திறக்க வேண்டும்.

மையத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு நெட்வேர்க் சுவிட்சை (பல கேபிள்களை ரவுட்டரோடு சேர்க்கும் பெட்டி) வைத்து, சுவரிலிருந்து வரும் கேபிள்களை அதில் செருகுங்கள். இங்கே ஒரு சிறு யூ.பி.எஸ். வைக்க முடிந்தால் வையுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச் மூன்றும் சேர்ந்து எடுப்பது சொற்ப மின்சாரம். கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் என்றால், மேல்மாடி சீலிங்கில் மாட்டிய வைஃபை கருவியும் அதே யூ.பி.எஸ்.ஸில் ஓடும். தங்கையின் மேசைக்கு ஒரு கேபிளும், மாடி நடைக்கு மேலே அந்தக் கருவிக்கு இன்னொரு கேபிளுமாகத்தான் நாங்கள் போட்டோம்.

கடைசியாக, ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். முதல் நாள் பென்சிலால் கீறிய அந்தத் தாளில் கேபிள் உண்மையில் போன பாதையைத் திருத்தி வரைந்து, தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்றும் குறித்து, டிபி பெட்டியின் (வீட்டு மின்விநியோகப் பெட்டி) மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஏ.சி. பொருத்தவோ படம் மாட்டவோ ஒருவர் துளைகருவியோடு வந்தால், முதலில் அந்த மூடியைத் திறந்து காட்டுங்கள்.